குடும்பம் வந்த வழியைத் துணியில் தைப்பது எப்படி

குடும்பத்தின் வேரைத் தேடக் கிளம்பும் பலரும் முதலில் வம்சாவளி மரம் வரைவார்கள். பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், யாருக்கு யார் பிள்ளை. மூன்று நான்கு தலைமுறை போனதும் பெயர்கள் தீர்ந்துவிடும். தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். நானும் அப்படி மடித்து வைத்தவள்தான். மறுபடி என்னை உட்கார வைத்தது பாட்டியின் பழைய போர்வை ஒன்று. அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

இந்த வழிகாட்டி கைவேலையே பழக்கமில்லாதவர்களுக்கானது. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும். செய்யப்போவது ஒரு நீளத் துணிப்பட்டை. உங்கள் குடும்பம் வாழ்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் அதில் ஓர் ஒட்டுத்துணி இருக்கும். அந்த ஒட்டுத்துணிக்கு அந்தந்த இடத்துச் செடியிலோ மண்ணிலோ நிறம் ஏற்றியிருக்கும். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஓட்டுத்தையலில் (ஊசியை மேலும் கீழுமாக ஒரே வரிசையில் ஓட்டும் தையல்) பாதை போகும். நிதானமாகச் செய்தால் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதில் பாதி நாள் ஊசியைத் தொடவே மாட்டீர்கள், கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும்தான் இருப்பீர்கள்.

இடம்பெயர்ந்தவர்கள் துணியில் தங்கள் கதையைத் தைப்பது புதிதல்ல. லாவோஸைச் சேர்ந்த ஹ்மாங் மக்கள் 1975க்குப் பிறகு மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் அகதி முகாம்களுக்குப் போனார்கள். அதுவரை கோலம் போன்ற வடிவங்களையே அதிகம் தைத்துவந்த பெண்கள், முகாமில் உட்கார்ந்து ஊரை, போரை, ஆற்றைக் கடந்ததை அப்படியே உருவங்களாகத் தைத்தார்கள். கர்நாடகத்தின் வட பகுதியில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் பழந்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையை விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். பாலஸ்தீனப் பெண்களின் உடையில் இருக்கும் குறுக்குத்தையல் வடிவத்தைப் பார்த்தே அவர் எந்தப் பகுதிக்காரர் என்று சொல்ல முடிந்த காலம் இருந்தது. 1948 போருக்குப் பிறகு ஊர் கையை விட்டுப் போன பலரிடம் அந்தத் தையல் மட்டும் மிஞ்சியது. நாம் செய்யப்போவது இவற்றின் நகல் அல்ல. ஆனால் கிளம்பும்போது மக்கள் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் பொது.

முதல் வேலை: ஒரு பொருள், ஒரு ஆள்

முழுக் குடும்பத்தையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் கையால் செய்த பொருள் ஒன்றை எடுங்கள். துணி, கூடை, மரக்கரண்டி, தைத்த பை எதுவானாலும் சரி. அதைப் பற்றித் தெரிந்த மூத்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். கையில் பொருள் இருக்கும்போது விரல்கள் தானாக ஒரு மூலையைத் தேடிப் போகும், ஒரு கிழிசலைத் தடவும். பேச்சு அங்கிருந்துதான் கிளம்பும்.

"ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள்?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு வரியில் பதில் வரும்: "பிழைப்புக்குத்தான்." அதற்கு மேல் போகாது. மாற்றிக் கேட்டுப் பாருங்கள். கிளம்புகிற அன்று எந்தப் பெட்டியில் என்ன வைத்தீர்கள்? எதை விட்டுவிட்டு வர மனசில்லாமல் இருந்தது? வந்த இடத்தில் முதலில் வாங்கிய துணி எது? இதை யார் தைத்துக் கொடுத்தது, இங்கே கிழிந்ததை யார் ஒட்டுப்போட்டது? இப்படிக் கேட்கும்போது மனிதர்கள் உள்ளே வருவார்கள், பாதையும் கூடவே வரும்.

சும்மா எதிரெதிரே உட்கார்ந்து கேட்பதைவிட இருவரும் கைவேலை செய்துகொண்டே பேசுவது நல்லது. நூல் சுற்றலாம், பழைய தையலைப் பிரிக்கலாம். கண்ணைப் பார்த்துச் சொல்லத் தயங்குவதை மடியில் இருக்கும் துணியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பதிவு செய்வதானால் முதலிலேயே அனுமதி கேளுங்கள். ஊரைவிட்டு வந்த கதைகளில் சாவு, பசி, அவமானம் எல்லாம் இருக்கும். அவர் நிறுத்திவிட்டால் நீங்களும் நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தைத் துணியில் எப்படிக் காட்டுவது என்பதற்கு வழி இருக்கிறது.

இரண்டாவது: பொருளையே படிப்பது

பேச்சு முடிந்ததும் பொருளை வெளிச்சத்தில் விரித்து, தொடங்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். துவைக்காதீர்கள். அழுக்கும் ஒரு தகவல்தான், தவிர பழைய இழை தண்ணீரில் நனைந்தால் தாங்காமல் போகலாம்.

முதலில் இழை என்னவென்று பாருங்கள். தையலின் உட்புறத்தில் ஏற்கெனவே உதிர்ந்து தொங்கும் ஒரே ஒரு இழையை, உடையவரின் சம்மதத்தோடு எடுத்து, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரிவதுபோல் மணக்கும், சாம்பல் மென்மையாகப் பறக்கும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும், கருகியதை விரலால் நசுக்கினால் பொடியும். உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் அது செயற்கை இழை. கலப்பு இழையில் இந்தச் சோதனை குழப்பும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

செயற்கை இழையாக இருந்தால் காலத்தைக் கணிக்க அது உதவும். நைலான் 1938ல் அறிவிக்கப்பட்டது. பாலியஸ்டர் இழைக்கு 1941ல் பிரிட்டனில் இருவர் காப்புரிமை கோரினார்கள், அது மக்கள் கைக்கு வர இன்னும் சில வருடங்கள் ஆயின. நிறமும் கொஞ்சம் பேசும். வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தபோது, 1856ல் தற்செயலாகக் கிடைத்தது முதல் செயற்கை ஊதாச் சாயம். நம் மஞ்சிட்டியின் உறவான மேடர் செடியின் வேர் தரும் சிவப்பை 1868ல் ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். செயற்கை அவுரி நீலம் 1897ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் செடியிலிருந்து எடுத்த அவுரி நீலமும் ஆலையில் செய்ததும் ஒரே வேதிப்பொருள். அதனால் பழைய நீலத் துணியைக் கண்ணால் பார்த்துவிட்டு "இது இயற்கைச் சாயம்தான்" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்போது பாட்டியின் போர்வைக்கு வருகிறேன். அதைப் பழைய ஊரிலிருந்து கொண்டுவந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஓரத்தில் உதிர்ந்த நூலைக் கொளுத்தினால் உருகி மணியாகிவிட்டது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று, அப்படியானால் கதையே பொய்யா என்று. அத்தையிடம் காட்டியபோது அவர் போர்வையின் நடுப்பகுதியைத் தடவிக்கொண்டே சொன்னார்: நடுத்துணி அங்கிருந்து வந்ததுதான், ஓரம் நைந்துபோனதால் இங்கே வந்து தன் முதல் சம்பளத்தில் நூல் வாங்கிப் பாட்டிக்கு அவரே தைத்துக் கொடுத்திருக்கிறார். பதினேழு வயதில் அத்தை வேலைக்குப் போன விஷயமே எனக்கு அன்றுதான் தெரியும். நடுத்துணியில் ஓர் இழையைப் பிறகு எடுத்துப் பார்த்தோம், பருத்தி. ஆகவே பொருளும் கதையும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள். அந்த இடுக்கில் ஒருவர் இருப்பார்.

பிறப்புச் சான்று, கப்பல் பயணிகள் பட்டியல், பழைய கடிதத்தின் அஞ்சல் முத்திரை, படத்தின் பின்னால் எழுதிய தேதி போன்றவற்றை வைத்து வருடங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவேடுகளில் ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது: ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிறம்

இடங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அங்கே வாழ்ந்தவர் நினைவில் வைத்திருக்கும் செடி, மரம், மண் எது என்று கேட்டுக் குறியுங்கள். வாசலில் நின்ற மரம் என்பார்கள், வேலை செய்த தோட்டத்துச் செடி என்பார்கள். அது நல்ல சாயம் தருமா என்பது இரண்டாவது கேள்விதான். தராவிட்டால் இலையை அச்சாகப் பதிக்கலாம்.

செடிகளும் இடம்பெயர்ந்தவை என்பது இந்தப் பட்டியல் போடும்போது புரியும். பல நாடுகளில் சொந்தப் பூவாகவே நினைக்கப்படும் செண்டுமல்லி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. நல்ல மஞ்சளும் தருகிறது. உங்கள் குடும்பமும் அந்தப் பூவும் வெவ்வேறு வழியாக ஒரே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மண், விதை, பச்சைச் செடி ஆகியவற்றை எல்லை தாண்டி எடுத்து வருவதைப் பல நாடுகள் தடை செய்கின்றன அல்லது கட்டுப்படுத்துகின்றன. பூச்சியும் நோயும் கூடவே வரும் என்பதால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது. இதற்கு ஓர் எளிய வழி: நீங்கள் தயார் செய்த வெள்ளைத் துணித்துண்டை அங்கே இருக்கும் உறவினருக்கு அனுப்புங்கள். அவர் அங்கேயே சாயம் ஏற்றி, அலசிக் காயவைத்துத் துணியை மட்டும் திருப்பி அனுப்பட்டும். என் பட்டையில் இரண்டு துண்டுகள் அப்படி வந்தவை. பல வருடம் பேசாமல் இருந்த ஒரு சித்தப்பா மகன் இந்தச் சாக்கில்தான் மறுபடி பேச ஆரம்பித்தான்.

அங்கே யாரும் இல்லை என்றால் அதே செடி இப்போது நீங்கள் வாழும் இடத்தில் வளர்கிறதா என்று பாருங்கள். தெரியாத செடியைச் சாயத்துக்கு எடுக்காதீர்கள். அரளி மாதிரி நச்சுச் செடிகளின் ஆவியும் சாறும் ஆபத்து.

நான்காவது: துணியைத் தயார் செய்வது

பலர் தோற்பது இந்தப் படியில்தான். நேராகச் சாயத்தில் முக்கிவிட்டு, ஒரே அலசலில் நிறம் போய்விட்டது என்று வருந்துவார்கள்.

அடித்துணிக்கும் ஒட்டுத்துணிக்கும் பழைய, பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தி நல்லது. குடும்பத்தில் யாராவது உடுத்திய துணியாக இருந்தால் இன்னும் நல்லது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடித்துணி 30 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளம். ஒட்டுத்துணிகள் 12 செ.மீ. சதுரம், ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று வெட்டுங்கள், இரண்டு சோதனைக்குப் போய்விடும்.

சாயத்துக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். அவை மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்பும் அலுமினியமும் நிறத்தை மாற்றும்.

துணியைக் காய்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்சம் சலவை சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கஞ்சியும் எண்ணெயும் வெளியே வரும். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

அடுத்தது, நிறத்தைத் துணியில் பிடித்து நிறுத்தும் வேலை. கம்பளியும் பட்டும் படிகாரத்தை எளிதாக ஏற்றுக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல, அதற்கு முதலில் துவர்ப்புச் சத்து வேண்டும். 100 கிராம் பருத்திக்குக் கடுக்காய்ப் பொடி 20 கிராம் எடுத்து, துணி தாராளமாக மூழ்கும் அளவு வெந்நீரில் கரைத்து, ஓரிரவு ஊறவிடுங்கள். மாதுளைத் தோலும் இதே வேலையைச் செய்யும். மறுநாள் பிழிந்துவிட்டு, 15 கிராம் படிகாரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து அதில் இன்னோர் இரவு ஊறப் போடுங்கள். கடுக்காயே லேசான மஞ்சள் தரும், பயப்பட வேண்டாம்.

ஐந்தாவது: சாயம் ஏற்றுவது

முதல் முயற்சிக்கு வெங்காயத் தோலைவிட நல்ல ஆசான் இல்லை. 100 கிராம் துணிக்கு 50 கிராம் காய்ந்த தோல் போதும், கூட இருந்தால் நிறம் ஆழமாகும். ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டுங்கள். தயார் செய்த துணியை ஈரத்தோடு அந்தச் சாற்றில் போட்டு, கொதிக்கவிடாமல், லேசாக ஆவி வரும் சூட்டில் 45 நிமிடம் வையுங்கள். அப்படியே ஆறவிட்டு மறுநாள் அலசுங்கள். மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை வரும்.

இதே துணியில் ஒன்றை இரும்புத் தண்ணீரில் ஓரிரு நிமிடம் முக்கிப் பாருங்கள். துருப்பிடித்த ஆணிகளை வினிகரும் தண்ணீரும் கலந்து இரண்டு வாரம் போட்டுவைத்தால் அந்தத் தண்ணீர் கிடைக்கும். மூடியை இறுக்க மூடாமல் வையுங்கள், உள்ளே வாயு சேரும். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கரண்டி போதும். மஞ்சள் அப்படியே இருண்டு ஆலிவ் பச்சையாக, சாம்பலாக மாறும். அதிகம் போனால் இரும்பு காலப்போக்கில் இழையையே அரித்துவிடும், அதனால் அளவோடு, நன்றாக அலசி. துயரமான காலம் கழிந்த இடத்துக்கு இந்த இருண்ட நிறத்தை நான் ஒதுக்கி வைத்தேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

மஞ்சள்தூள் சாயம் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். பீட்ரூட் நிற்கவே நிற்காது. அவுரி தண்ணீரில் கரையாது, நொதிக்கவைத்தோ வேறு வழியிலோ ஆக்சிஜனை நீக்கிய தொட்டியில் முக்கி எடுத்துக் காற்றில் காட்டும்போதுதான் பச்சை நீலமாகும். அழகான வேலை, ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம்.

கையளவு இலைதான் கிடைத்தது என்றால், படிகாரத்தில் ஊறிக் காய்ந்த இரண்டு துணிகளுக்கு நடுவே புதிய இலையை வைத்துச் சுத்தியலால் ஓரத்திலிருந்து சீராகத் தட்டுங்கள். இலையின் நரம்பு வரை பதியும். ஜப்பானில் இதற்குத் தத்தாகிசோமே என்று பெயர். பச்சை சில மாதங்களில் பழுப்பாக மாறும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

செடி யாருக்கும் நினைவில்லை, மண் மட்டும் கிடைக்கிறது என்றால் அதுவும் ஆகும். களிமண்ணையோ செம்மண்ணையோ தண்ணீரில் கலக்கி, கல்லும் மணலும் அடியில் தங்கியதும் மேலே இருப்பதை வேறு கிண்ணத்தில் ஊற்றித் தெளியவிடுங்கள். அடியில் படியும் வழுவழுப்பான மண்ணை நீர்த்த சோயாப் பாலில் குழைத்துத் துணியில் பூசிக் காயவைத்து, சில வாரம் அப்படியே விட்டுவிட்டு அலசினால் நிறம் நிற்கும். சோயாவின் புரதம்தான் ஒட்டவைக்கிறது. இதற்குக் கடுக்காயும் படிகாரமும் தேவையில்லை, கொதிக்கவைத்து அலசிய துணியே போதும்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு பகுதியை வெட்டிப் பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். எந்த நிறம் நிற்கும், எது ஓடும் என்பது தெரிந்துவிடும். ஒரு நோட்டில் அந்தத் துண்டை ஒட்டி, செடி, இடம், தேதி, எடை எல்லாம் எழுதுங்கள். இந்த நோட்டு இல்லாமல் அடுத்த வருடம் அதே நிறத்தை நீங்களே மறுபடி கொண்டுவர முடியாது.

ஆறாவது: தைப்பது

ஒட்டுத்துணிகளை அடித்துணி மேல் பரப்பி ஒரு வாரம் அப்படியே விடுங்கள். வீட்டில் போகிற வருகிறவர்கள் பார்த்து ஏதாவது சொல்வார்கள். "அந்த ஊருக்கு நேராக வரவில்லை, நடுவில் இரண்டு வருடம் வேறெங்கோ இருந்தோம்" என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பிறகு ஓரத்தை உள்ளே மடித்து, ஒவ்வொரு துண்டையும் நூல் வெளியே தெரியாத மறைதையலில் பொருத்துங்கள். அதைச் சுற்றி, அங்கே வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு தையல் போடுங்கள். 27 வருடம் என்றால் 27 தையல். எண்ணிக்கொண்டே தைக்கும்போது ஒரு வாழ்க்கையின் நீளம் கையில் உறைக்கும், எந்த அட்டவணையிலும் அது கிடைக்காது. பாதையை ஓட்டுத்தையலில் போடுங்கள். நிலவழிக்கு ஒரு நூல், கடல்வழிக்கு வேறு நூல். இஷ்டமில்லாமல் போக நேர்ந்த பயணத்துக்குத் தனி நிறம் வைப்பது நேர்மை.

தெரியாத வருடங்களுக்கு என்ன செய்வது? என் தாத்தாவின் வாழ்க்கையில் ஆறு வருடம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதை ஊகத்தால் நிரப்பவில்லை. சாயம் ஏற்றாத வெறுந்துணியை அந்த இடத்தில் வைத்து, சுற்றிலும் ஆறு தையல் மட்டும் போட்டேன். மூத்தவர் சொல்ல விரும்பாத காலத்துக்கும் இதே முறைதான். பின்னால் தகவல் கிடைத்தால் அந்தத் துண்டின் மேலேயே இன்னொன்றைத் தையுங்கள், பழையதைப் பிரித்து எறிய வேண்டாம்.

வேறொரு சமூகத்தின் வடிவம் பிடித்திருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதை உங்கள் பாட்டியின் வடிவம் என்று எழுதாதீர்கள். யாருடையது, யாரிடம் கற்றது என்பதை நோட்டில் குறியுங்கள்.

வைத்துக் காப்பது

பட்டையின் பின்பக்கம் ஒரு பருத்தி நாடாவைத் தைத்து, செய்தவர் பெயர், வருடம், யார் சொன்ன கதை என்பதை அழியாத மையால் எழுதுங்கள். மை காய்ந்த பிறகுதான் நாடாவைத் தைக்க வேண்டும். நேர் வெயில் படாத சுவரில் மாட்டலாம். பெட்டியில் வைப்பதானால் மடிக்காமல், அமிலமற்ற காகிதம் சுற்றிய குழாயில் உருட்டி, மேலே பழைய வெள்ளைத் துணி சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேண்டாம். கம்பளி கலந்திருந்து பூச்சி அரித்த அடையாளம் தெரிந்தால், அப்போது மட்டும் காற்றுப் புகாத பையில் கட்டி −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், குளிர் விட்டு அறையின் சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள்.

ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள், துருப்பிடித்துக் கறையாகிவிடும். மீதமான சாயநூலை ஓர் அட்டையில் சுற்றி அதே பெட்டியில் போடுங்கள். அடுத்த வீடு மாறும்போது யாருக்காவது தேவைப்படும்.